கிட்டார் ஸ்ருதியை மாத்திப் பாருங்க: டிராப் டி-ல ஆரம்பிச்சு டாட்காட், ஓப்பன் டி வரைக்கும் ஒரு முழு வழிகாட்டி

கிட்டாரை மடியில வெச்ச அடுத்த செகண்ட் கை தானா போய் ஜி கார்ட்ல உக்காருது, அங்கேருந்து சி, அப்புறம் ஈ மைனர், அப்புறம் டி, திரும்ப ஜி. ரெண்டு வருஷமா புதுசா ஒரு ட்யூன் போடலாம்னு உக்காந்தா இதே நாலு கார்ட் தான் வேற வேற வேகத்துல வருதுன்னா பிரச்சனை உங்க கற்பனையில இல்ல, விரல்ல இருக்கு. விரலுக்கு வழி மனப்பாடம் ஆயிடுச்சு, மாட்டு வண்டில மாடு தூங்கற ஆளை வீட்டுக்கு கொண்டு வந்து சேர்க்கற மாதிரி. அந்த மாட்டுக்கு வழியே தெரியாத ஊருக்கு வண்டியை கொண்டு போய் விடறது தான் ட்யூனிங் மாத்தறது. எந்த ஃப்ரெட்ல என்ன ஸ்வரம்னு கைக்கு தெரியாது, அதனால காது வேலை பார்க்க ஆரம்பிக்கும்.

நெட்ல தேடினா ஐம்பது ட்யூனிங் லிஸ்ட் கிடைக்கும், அதை இங்க திரும்ப எழுதப் போறதில்ல. நான் நாலே நாலு தான் சொல்றேன், ஆனா கர்நாடக சங்கீதம் ஓரளவு காதுல விழுந்த நமக்கு இதை புரிஞ்சிக்க ஒரு குறுக்கு வழி இருக்கு, அதை வெச்சு சொல்றேன். ஓப்பன் ஸ்ட்ரிங்கை எல்லாம் இங்கிலீஷ் எழுத்தா பார்க்காம ச-ப-ச-ன்னு பார்த்தா போதும், பாதி தியரி அங்கேயே முடிஞ்சிடும்.

கீயை திருகறதுக்கு முன்னாடி

ட்யூனர் ஆப்ல "கிட்டார்" மோட் இருக்கும், அதுல இருந்தா நீங்க டி-க்கு இறக்க இறக்க அது "ஈ-க்கு ஏத்து, ஏத்து"ன்னு உயிரை வாங்கும். "குரோமேட்டிக்" மோடுக்கு மாத்துங்க. கிட்டாரோட தலையில மாட்டற கிளிப் ட்யூனர் இருந்தா இன்னும் நல்லது, ஃபேன் சத்தம் குக்கர் விசில் எதுவும் அதை குழப்பாது.

ரெண்டாவது, எப்பவுமே கீழேருந்து மேல ஏறி தான் ஸ்ருதியில நிக்கணும். ஈ-லேருந்து டி-க்கு போகணும்னா டி-யையும் தாண்டி கொஞ்சம் கீழ போயிட்டு அங்கேருந்து மெதுவா ஏறி வாங்க. மேலேருந்து இறக்கி அப்படியே விட்டா கீயோட பல்லுல இருக்கற தொளதொளப்பு அப்படியே நிக்கும், ரெண்டு தடவை ஸ்ட்ரம் பண்ணா ஸ்ருதி இறங்கிடும். திருகறப்ப நட் (கழுத்தோட மேல் முனையில ஸ்ட்ரிங் உக்கார்ற பள்ளம் வெட்டின பட்டை) பக்கத்துல "ணிங்"னு ஒரு சத்தம் வந்து ஸ்ருதி திடீர்னு தாவுதா? ஸ்ட்ரிங் நட் பள்ளத்துல மாட்டிக்குது. பென்சிலை கூரா சீவி அந்த பள்ளத்துல நாலு தடவை தேய்ங்க, அந்த கரி தான் ஆயில்.

மூணாவது, இழுவை கணக்கு. ஸ்ட்ரிங்கோட இழுவை ஸ்ருதியோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். ஒரு முழு ஸ்வரம் (ரெண்டு ஃப்ரெட்) இறக்கினா இழுவை சுமார் 20 சதவீதம் குறையும், நாலு ஃப்ரெட் இறக்கினா 37 சதவீதம் போயிடும், அப்ப ஸ்ட்ரிங் ரப்பர் பேண்ட் மாதிரி ஆடி ஃப்ரெட்ல மோதி "கரகர"ங்கும். அதே ரெண்டு ஃப்ரெட் மேல ஏத்தினா இழுவை 26 சதவீதம் கூடும். அதனால இறக்கறது சேஃப், ஏத்தறது ரிஸ்க். இதை நான் சும்மா சொல்லல, காலேஜ் முடிச்ச வருஷம் ஓப்பன் ஈ வெக்கறேன்னு ஒரு வருஷமா மாத்தாத துருப்பிடிச்ச ஸ்ட்ரிங்கை ஏத்திக்கிட்டே போனேன், நாலாவது ஸ்ட்ரிங் டப்புன்னு அறுந்து கன்னத்துல கோடு போட்டுச்சு, கண்ணுக்கு ரெண்டு இஞ்ச் கீழ. இப்பவும் எதையாவது ஏத்தறப்ப மூஞ்சிய திருப்பிக்கிட்டு தான் ஏத்துவேன்.

ஆறு கீயையும் ஒரு ரவுண்டு மாத்தி முடிச்சதும் முதல்ல மாத்தினது கொஞ்சம் நகர்ந்திருக்கும், ஏன்னா மொத்த இழுவை குறைஞ்சதும் கழுத்து லேசா நிமிரும். ரெண்டாவது ரவுண்டு கண்டிப்பா போங்க. எலக்ட்ரிக்ல மிதக்கற டிரெமொலோ இருக்கறவங்களுக்கு இது ரெண்டு இல்ல, எட்டு ரவுண்டு ஆகும், அவங்க வேற கிட்டார் கடன் வாங்கிக்கறது மனசுக்கு நல்லது.

ஸ்டெப் 1: இப்ப இருக்கறதையே ஒரு தடவை நம்பர்ல எழுதுங்க

தடிச்ச ஸ்ட்ரிங் 6, மெல்லிசு 1. ஸ்டாண்டர்ட் ட்யூனிங் 6-லேருந்து 1 வரைக்கும் ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. இதையே இன்னொரு மாதிரி எழுதலாம்: ஈ-5-5-5-4-5. அர்த்தம் என்னன்னா, ஆறாவது ஸ்ட்ரிங் ஈ, அதோட அஞ்சாவது ஃப்ரெட்டை அமுத்தினா வர்ற சத்தம் தான் அடுத்த ஸ்ட்ரிங்கோட ஓப்பன், இப்படியே போய் மூணாவதுலேருந்து ரெண்டாவதுக்கு மட்டும் நாலாவது ஃப்ரெட். கனடா நாட்டு பாடகி ஜோனி மிட்செல் தன்னோட ட்யூனிங்கை இந்த மாதிரி தான் குறிச்சு வெப்பாங்க. ஒன்பது வயசுல போலியோ வந்து அவங்க இடது கை பலம் குறைஞ்சிடுச்சு, கஷ்டமான கார்ட் ஷேப் எல்லாம் புடிக்க முடியாம ஸ்ட்ரிங்கையே தன் கைக்கு ஏத்த மாதிரி மாத்தி மாத்தி வெச்சு, ஐம்பதுக்கு மேல ட்யூனிங் யூஸ் பண்ணியிருக்காங்க. இந்த நம்பர் முறையில பெரிய லாபம் என்னன்னா ட்யூனரே இல்லாம கரண்ட் போன ராத்திரியில கூட ட்யூன் பண்ணிடலாம், கீழ ஒவ்வொரு ட்யூனிங்குக்கும் இதையும் சேர்த்தே தர்றேன்.

ஸ்டெப் 2: டிராப் டி, ஒரே ஒரு கீ

டி, ஏ, டி, ஜி, பி, ஈ. நம்பர்ல டி-7-5-5-4-5.

ஆறாவது ஸ்ட்ரிங்கை மட்டும் ஈ-லேருந்து டி-க்கு இறக்குங்க. சரியா இருக்கான்னு பார்க்க, அதே ஸ்ட்ரிங்ல 12-வது ஃப்ரெட் கம்பிக்கு நேர் மேல விரலை அமுத்தாம தொட்டு மீட்டி உடனே எடுங்க, மணி மாதிரி ஒரு ஹார்மோனிக் வரும், அது ஓப்பன் நாலாவது ஸ்ட்ரிங்கோட சேர்ந்து ஒரே சத்தமா கேக்கணும். அலை அலையா ஆடினா இன்னும் சேரல.

இப்ப 6, 5, 4 மூணும் டி-ஏ-டி, அதாவது ச-ப-ச. ஒரு விரலை படுக்க வெச்சு மூணையும் அமுத்தினா பவர் கார்ட், அதை அப்படியே மேல கீழ தள்ளினா ராக் மெட்டல் ஆளுங்களுக்கு பாதி பாட்டு முடிஞ்சிடும். மெட்டல் வேண்டாம்ங்கறவங்க சாதாரண டி கார்டை புடிச்சு கட்டை விரலால ஆறாவது ஸ்ட்ரிங்கை ஓப்பனா அடிச்சு பாருங்க, அதே பழைய கார்டுக்கு அடியில யாரோ கம்பளம் விரிச்ச மாதிரி இருக்கும். இதுல ஒரு நாள் இருந்தா போதும், இது வாசப்படி தான், வீடு உள்ள இருக்கு.

ஸ்டெப் 3: டாட்காட், இங்க தான் உக்காந்து பேசணும்

டி, ஏ, டி, ஜி, ஏ, டி. நம்பர்ல டி-7-5-5-2-5. எழுத்தை சேர்த்து படிச்சு எல்லாரும் டாட்காட்னே கூப்பிடறாங்க.

இதை பிரபலமாக்கினவர் டேவி கிரகாம்னு ஒரு பிரிட்டிஷ் கிட்டாரிஸ்ட், 1960களோட ஆரம்பத்துல மொராக்கோ நாட்டு டாஞ்சியர் ஊருக்கு போனவர் அங்க ஊத்-ங்கற அரபு தந்தி வாத்தியம் வாசிக்கறவங்களோட சேர்ந்து வாசிக்க ஒரு வழி தேடினார். அந்த சங்கீதத்துல கார்ட் மாறிக்கிட்டே இருக்காது, ஒரு ஆதாரத்தை வெச்சு அதுக்கு மேல மெலடி ஓடும். நம்ம ஊருக்கும் அதே கதை தானே, தம்பூரா பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கும். அதனால தான் இந்த ட்யூனிங் நமக்கு சொந்த வீடு மாதிரி இருக்குன்னு நான் நினைக்கறேன்.

எப்படி வெக்கறது: ஸ்டாண்டர்ட்லேருந்து 6, 2, 1 மூணு ஸ்ட்ரிங்கையும் ரெண்டு ரெண்டு ஃப்ரெட் அளவு இறக்கணும், நடுவுல இருக்கற 5, 4, 3-ஐ தொடவே வேண்டாம். காதால சரி பார்க்க,

6-வது ஸ்ட்ரிங் 12-வது ஃப்ரெட் ஹார்மோனிக் = ஓப்பன் 4
6-வது ஸ்ட்ரிங் 7-வது ஃப்ரெட் ஹார்மோனிக் = ஓப்பன் 2
4-வது ஸ்ட்ரிங் 12-வது ஃப்ரெட் ஹார்மோனிக் = ஓப்பன் 1

இந்த மூணும் சேர்ந்துட்டா வேலை முடிஞ்சுது. ஒரு தடவை எல்லா ஸ்ட்ரிங்கையும் ஓப்பனா மெதுவா வருடி விட்டு கேளுங்க. மேஜரும் இல்ல மைனரும் இல்ல, சந்தோஷமா சோகமான்னு சொல்ல முடியாது, ஏன்னா காந்தாரமே இல்ல. ச-ப-ச-ம-ப-ச, அவ்வளவு தான்.

நான் முதல் தடவை இதை வெச்சுக்கிட்டு ஹால்ல உக்காந்து சும்மா ஓப்பனா வருடிக்கிட்டு இருந்தேன், சின்ன வயசுல ஏழெட்டு வருஷம் வீணை கத்துக்கிட்ட எங்க அத்தை உள்ள அரிசி களைஞ்சிக்கிட்டு இருந்தாங்க. "டேய், ரெண்டு கட்டையா?"ன்னு அங்கேருந்தே கேட்டாங்க. எனக்கு கட்டைன்னா என்னன்னே அப்ப சரியா தெரியாது (ச எந்த உயரத்துல இருக்குன்னு சொல்ற கணக்கு அது, சி-ன்னா ஒரு கட்டை, டி-ன்னா ரெண்டு). ஈரக் கையோட வந்து நின்னு, "அஞ்சாவது தந்தியை மட்டும் மீட்டு, இப்ப நாலாவது. இதுல மத்யமம் எதுக்குடா வெச்சிருக்கே, சரி இருக்கட்டும், அப்ப மத்யமாவதி வாசி"ன்னாங்க. எங்க வாசிக்கறதுன்னு கேட்டதுக்கு "ச ரி ம ப நி ச, உன் பெட்டியில எங்க இருக்குன்னு நீ தான் தேடணும்"னு சொல்லிட்டு திரும்ப அரிசிக்கே போயிட்டாங்க.

தேடினேன். கிடைச்சது இது:

ச - 4-வது ஸ்ட்ரிங் ஓப்பன்
ரி - 4-வது ஸ்ட்ரிங் 2-வது ஃப்ரெட்
ம - 3-வது ஸ்ட்ரிங் ஓப்பன்
ப - 2-வது ஸ்ட்ரிங் ஓப்பன்
நி - 2-வது ஸ்ட்ரிங் 3-வது ஃப்ரெட்
ச - 1-வது ஸ்ட்ரிங் ஓப்பன்

ஆறு ஸ்வரத்துல ரெண்டுக்கு தான் இடது கையே வேணும், மத்ததெல்லாம் ஓப்பன். ஒரே ஸ்ட்ரிங்ல வர்ற ச-ரி, ப-நி தவிர, ஒவ்வொரு ஸ்வரமும் அடுத்தது வந்த பிறகும் அடங்காம ஒலிச்சிக்கிட்டே இருக்கும், சந்தூர் வாசிக்கற மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு படியும். ஸ்டாண்டர்ட் ட்யூனிங்ல இந்த எஃபெக்ட் இவ்வளவு சுலபமா வராது, அங்க பெரும்பாலும் ஒரு ஸ்வரத்தை புடிச்சா முந்தினதை விடணும். மேல தொடரணும்னா முதல் ஸ்ட்ரிங்லேயே 2, 5, 7, 10, 12 ஃப்ரெட் தான் ரி, ம, ப, நி, ச. ஆறாவது ஸ்ட்ரிங்கை கட்டை விரலால நாலு எண்ணிக்கைக்கு ஒரு தடவை தட்டிக்கிட்டே இருங்க, தம்பூரா செலவு மிச்சம்.

ஒரு எச்சரிக்கை, இது ராகத்தோட எலும்புக்கூடு தான், ராகம் இல்ல. ரி-யையும் நி-யையும் அசைக்காம நட்ட குச்சி மாதிரி வாசிச்சா தெரிஞ்சவங்க முகம் சுளிப்பாங்க. நாலாவது ஸ்ட்ரிங் ரெண்டாவது ஃப்ரெட்ல விரலை வெச்சு ஸ்ட்ரிங்கை லேசா பக்கவாட்டுல இழுத்து விட்டு பழகுங்க, இறக்கின ஸ்ட்ரிங் தளர்வா இருக்கறதால இழுக்க சுலபமா இருக்கும், இதுவும் ஒரு லாபம். நான் ஒரு வாரம் வேற எதுவும் வாசிக்காம இதையே வாசிச்சதுல அத்தை, "கச்சேரி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே தினம் மங்களம் பாடறியேடா"ன்னு கிண்டல் பண்ணாங்க, மத்யமாவதி கச்சேரி முடியறப்ப பாடற ராகமாச்சே.

இப்ப விளையாட்டு. மெலடி ஸ்வரம் அதே அஞ்சு தான், டி, ஈ, ஜி, ஏ, சி, அதுல ஒண்ணையும் மாத்தாதீங்க. அடியில அடிக்கற பேஸை மட்டும் மாத்துங்க. டி-க்கு பதிலா ஓப்பன் அஞ்சாவது ஸ்ட்ரிங்கை (ஏ) ஆதாரமா வெச்சு அதே ஸ்வரங்களை சுத்தி சுத்தி வாசிச்சா அது சுத்த தன்யாசி ஆயிடும். அஞ்சாவது ஸ்ட்ரிங் மூணாவது ஃப்ரெட்டை (சி) புடிச்சு அதை ஆதாரமா வெச்சா மோகனம். ஆறாவது ஸ்ட்ரிங் அஞ்சாவது ஃப்ரெட் (ஜி) வெச்சா சுத்த சாவேரி. கிரக பேதம்னு பெரியவங்க சொல்றது இதைத் தான், புஸ்தகத்துல படிச்சப்ப எனக்கு மண்டையில ஏறவே இல்ல, கட்டை விரல் ஒரு ஸ்ட்ரிங் தள்ளிப் போனதும் அறையோட வெளிச்சமே மாறின மாதிரி இருந்துச்சு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சிக்கோங்க, பேஸை மாத்தினப்புறம் ஓப்பன் ஆறாவது ஸ்ட்ரிங்கை பழக்க தோஷத்துல தட்டிடாதீங்க, தட்டினா காது ஓடிப் போய் பழைய ச-கிட்டயே உக்காந்துக்கும்.

கார்ட் வேணும்ங்கறவங்களுக்கு (6-லேருந்து 1 வரைக்கும் ஃப்ரெட் நம்பர், எக்ஸ்-னா அடிக்காதீங்க):

டி: 0-0-0-2-0-0
ஈ மைனர் மாதிரி: 2-2-2-0-0-0
ஜி மாதிரி: 5-5-5-0-0-0
ஏ மாதிரி: எக்ஸ்-0-2-2-0-0
பி மைனர் மாதிரி: எக்ஸ்-2-4-4-0-0

"மாதிரி"ன்னு ஏன் சொல்றேன்னா எல்லாத்துலயும் ஓப்பன் ஏ-வும் டி-யும் கூடவே ஒலிக்கும், சுத்தமான மேஜர் மைனரா இருக்காது, அந்த கலப்பு தான் அழகே. ரெண்டாவதையும் மூணாவதையும் பாருங்க, ஒரே விரல் படுக்க வெச்சு 6-5-4 மூணையும் அமுத்தறது, இடம் தான் வேற. அதை 0, 2, 5, 7, 10, 12-னு தள்ளிக்கிட்டே போங்க, மேல மூணு ஸ்ட்ரிங்கை தொடாதீங்க. அந்த நம்பர் எங்கயோ பார்த்த மாதிரி இருக்கா? மத்யமாவதியே தான், பேஸ்ல நடக்குது. உஷாரான ஆளுங்க 2-வது ஃப்ரெட்ல ஒரு தைவதம் எட்டிப் பார்க்குதேன்னு புடிச்சிடுவாங்க, அஞ்சாவது ஸ்ட்ரிங்ல பி வருது, ராகத்துல இல்லாத ஸ்வரம். அந்த ஒரு இடத்துல அஞ்சாவது ஸ்ட்ரிங்கை மட்டும் அடிக்காம தாண்டிடுங்க, இல்ல சினிமா ட்யூன் தானே போடறோம்னா இருந்துட்டு போகட்டும்.

ஸ்டெப் 4: ஓப்பன் டி, ஒரே ஒரு ஸ்ட்ரிங் வித்தியாசம்

டி, ஏ, டி, எஃப் ஷார்ப், ஏ, டி. நம்பர்ல டி-7-5-4-3-5.

டாட்காட்ல இருந்தபடியே மூணாவது ஸ்ட்ரிங்கை ஜி-லேருந்து எஃப் ஷார்ப்புக்கு ஒரே ஃப்ரெட் இறக்குங்க. மத்யமம் போய் அந்தர காந்தாரம் வந்துச்சு. வருடிப் பாருங்க, மழை விட்டு வெயில் அடிச்ச மாதிரி இருக்கும், விரலே வெக்காம முழு டி மேஜர் கார்ட்.

மோகனம் இதுல எப்படி விழுதுன்னு பாருங்க: 4-வது ஓப்பன் ச, 4-வது ஸ்ட்ரிங் 2-வது ஃப்ரெட் ரி, 3-வது ஓப்பன் க, 2-வது ஓப்பன் ப, 2-வது ஸ்ட்ரிங் 2-வது ஃப்ரெட் த, 1-வது ஓப்பன் ச. ரெண்டுக்கும் ஒரே ரெண்டாவது ஃப்ரெட், ஒரு விரலே போதும். டாட்காட்ல டி-யை ச-வா வெச்சு மோகனம் வாசிக்கப் போனா அந்த ஓப்பன் மத்யமம் நடுவுல வந்து நின்னு தொல்லை பண்ணும், இங்க அந்த தொல்லை இல்ல. அதே மூணாவது ஸ்ட்ரிங்கை இன்னும் ஒரு ஃப்ரெட் இறக்கி எஃப் வெச்சா சாதாரண காந்தாரம், ஓப்பன் டி மைனர் (டி-7-5-3-4-5), சுத்த தன்யாசிக்கு அம்சமா இருக்கும்: 4 ஓப்பன் ச, 3 ஓப்பன் க, 3-வது ஸ்ட்ரிங் 2-வது ஃப்ரெட் ம, 2 ஓப்பன் ப, 2-வது ஸ்ட்ரிங் 3-வது ஃப்ரெட் நி, 1 ஓப்பன் ச. ஆக ஒரே ஒரு கீயை திருகி மூணு ராகத்துக்கு வீடு மாத்திக்கலாம், ராகத்துல இருக்கற ஸ்வரத்தை ஓப்பன் ஸ்ட்ரிங்ல வெக்கணும், இல்லாததை அங்க வெக்கக் கூடாது, மொத்த சூட்சுமமும் அவ்வளவு தான்.

இப்ப ஒரு நுணுக்கம், பொறுமை இருக்கறவங்களுக்கு. நல்லா ஸ்ருதி சேர்ந்த தம்பூராவை கொஞ்ச நேரம் கேட்டா யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் ஒண்ணு தானா உள்ளேருந்து கேக்கும்னு சொல்லுவாங்க இல்லையா, அது நிஜம், ச தந்தியோட அஞ்சாவது ஹார்மோனிக் அது. உங்க கிட்டார்லயும் இருக்கு. ஆறாவது ஸ்ட்ரிங்ல நாலாவது ஃப்ரெட் கம்பிக்கு ஒரு மயிரிழை முன்னாடி, நட் பக்கமா, மெதுவா தொட்டு மீட்டுங்க, சன்னமா ஒரு காந்தாரம் வரும். இப்ப மூணாவது ஸ்ட்ரிங்ல 12-வது ஃப்ரெட் ஹார்மோனிக்கையும் சேர்த்து ஒலிக்க விடுங்க. ட்யூனர் பச்சை லைட் காட்டின எஃப் ஷார்ப்பா இருந்தா ரெண்டும் சேராது, செகண்டுக்கு மூணு தடவை "உவ உவ உவ"ன்னு ஆடும். ஏன்னா ட்யூனர் காட்டற காந்தாரம் பியானோ கணக்குல கொஞ்சம் தூக்கலா வெச்சது, தந்தி தானா தர்ற காந்தாரம் அதைவிட 14 சென்ட் கீழ, அதாவது ஒரு ஃப்ரெட் இடைவெளியில ஏழுல ஒரு பங்கு. மூணாவது ஸ்ட்ரிங்கை துளி துளியா இறக்கிக்கிட்டே வாங்க, ஆட்டம் மெதுவாகி மெதுவாகி ஒரு இடத்துல நின்னுடும். இப்ப ஆறு ஸ்ட்ரிங்கையும் வருடுங்க. எனக்கு முதல் தடவை அது நடந்தப்ப கிட்டார் பெட்டி வயித்துல அதிர்றது தெரிஞ்சுது. ஆனா இப்படி வெச்சுட்டு மேல போய் வேற வேற கார்டா புடிச்சா அந்த ஸ்ட்ரிங் மட்டும் தட்டையா கேக்கும், அதனால ஒரே ஆதாரத்துல நிக்கற ட்யூனுக்கு மட்டும் இந்த வேலை.

ஓப்பன் ஈ வேணும்னா? இதுலேயே ரெண்டாவது ஃப்ரெட்ல கேப்போ (கழுத்துல மாட்டி எல்லா ஸ்ட்ரிங்கையும் ஒண்ணா அமுத்தற கிளிப்) போடுங்க. ஏத்தாதீங்க. என் கன்னத்தை நினைச்சிக்கோங்க.

கண்ணாடி ஸ்லைடோ சின்ன இரும்பு குழாய் துண்டோ இருந்தா ஓப்பன் டி-ல தான் அதுக்கு வாழ்வு. ஃப்ரெட்டை அமுத்தாம ஸ்ட்ரிங் மேல வழுக்கிக்கிட்டே போனா கோட்டுவாத்தியம் எந்த அடிப்படையில வேலை செய்யுதோ அதே தான். ஸ்லைடை ஃப்ரெட் இடைவெளியோட நடுவுல வெக்காம கம்பிக்கு நேர் மேல வெக்கணும், பின்னாடி ஒரு விரலால மிச்ச ஸ்ட்ரிங்கை அமைதி பண்ணணும், இந்த ரெண்டும் பழக ஒரு மாசம் ஆகும், அதுவரைக்கும் பக்கத்து வீட்டுக்கு பூனைன்னு சொல்லிக்கலாம்.

ஸ்டெப் 5: ஓப்பன் ஜி

டி, ஜி, டி, ஜி, பி, டி. நம்பர்ல டி-5-7-5-4-3. ஸ்டாண்டர்ட்லேருந்து 6, 5, 1 மூணையும் ரெண்டு ஃப்ரெட் இறக்கினா போதும். அமெரிக்க பேஞ்சோவோட ட்யூனிங்கும் இந்த குடும்பம் தான். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவோட கீத் ரிச்சர்ட்ஸ் இதுல ஆறாவது ஸ்ட்ரிங்கையே கழட்டிட்டு அஞ்சு ஸ்ட்ரிங்கோட வாசிப்பார், காரணம் சிம்பிள், இங்க ச அஞ்சாவது ஸ்ட்ரிங்ல இருக்கு, அதுக்கு கீழ இருக்கற டி பஞ்சமம், ஸ்ட்ரம் பண்றப்ப அது தேவையில்லாம அடியை கலக்கும். நீங்க கழட்ட வேண்டாம், கட்டை விரலால லேசா தொட்டு ஊமையாக்கினா போதும். ஹவாய் தீவுல 1830கள்ல மாடு மேய்க்க வந்த மெக்சிகோ ஆளுங்க கொண்டு வந்த கிட்டாரை அந்த ஊர்க்காரங்க தங்களுக்கு புடிச்ச மாதிரி தளர்த்தி வெச்சு ஸ்லாக் கீ-ன்னு ஒரு தனி பாணியே வளர்த்தாங்க, அதுல ரொம்ப சாதாரணமா புழங்கறதும் இதே ஓப்பன் ஜி தான், அங்க பேரு டாரோ பேட்ச், சேப்பங்கிழங்கு பாத்தி.

ஒரு விரலை முழுசா படுக்க வெச்சு 5-வது ஃப்ரெட் சி, 7-வது ஃப்ரெட் டி, ஓப்பன் ஜி. மூணு கார்ட் பாட்டு எல்லாம் ஒத்தை விரல்ல முடிஞ்சிடும். எனக்கு இது ரெண்டு நாள்ல போர் அடிச்சுது, ப்ளூஸ் ஆளுங்க என் மேல கல்லெறிவாங்க, பரவாயில்ல.

ஸ்டெப் 6: பாடறவங்களோட கட்டைக்கு கொண்டு வர்றது

இது தான் யாரும் சொல்லித் தராத இடம். டாட்காட்லயும் ஓப்பன் டி-லயும் ச டி-ல இருக்கு, அதாவது 2 கட்டை. பாடறவங்களுக்கு அது ஒத்து வரணுமே. கர்நாடக சங்கீதம் பாடற பெண்கள் பெரும்பாலும் நாலரை அஞ்சு ஐந்தரைன்னு நிப்பாங்க, ஆண்கள் ஒண்ணு ஒண்ணரைல. அதனால கேப்போ கணக்கு: ரெண்டரைக்கு 1-வது ஃப்ரெட், மூணு கட்டைக்கு 2, நாலுக்கு 3, நாலரைக்கு 4, அஞ்சு கட்டைக்கு 5. (மூணுக்கும் நாலுக்கும் நடுவுல அரை கட்டை கிடையாது, பியானோல ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவுல கறுப்பு கட்டை இல்ல பாருங்க, அதே காரணம்.) அஞ்சு கட்டை பாடறவங்களுக்கு ஓப்பன் ஜி-ன்னா கேப்போவே வேண்டாம்.

ஒரு கட்டைக்கு கேப்போ உதவாது, கீழ தான் போகணும். டாட்காட்டையே மொத்தமா ரெண்டு ஃப்ரெட் இறக்கி சி, ஜி, சி, எஃப், ஜி, சி-ன்னு வெச்சிக்கோங்க (சி-7-5-5-2-5, முதல் எழுத்து தான் மாறுச்சு, நம்பர் அதே). ஒண்ணரை வேணும்னா அதுல முதல் ஃப்ரெட்ல கேப்போ. ஆனா சாதாரண 12 செட் ஸ்ட்ரிங் (முதல் ஸ்ட்ரிங் 0.012 இஞ்ச் தடிமன்) இங்க தொளதொளன்னு ஆயிடும், அதைவிட தடிச்ச 13-56 செட் போட்டா தான் குரல் வரும். தடி ஸ்ட்ரிங்குக்கு நட் பள்ளம் பத்தலைன்னா நீங்களே அரம் வெச்சு தேய்க்காதீங்க, ரிப்பேர் பண்றவர்கிட்ட கொடுங்க.

கேப்போ போட்டதும் எல்லா ஸ்ட்ரிங்கும் துளி ஏறியிருக்கும், தளர்ந்த ஸ்ட்ரிங்ல இது இன்னும் அதிகம். போட்டப்புறம் ஒரு தடவை ட்யூனர் பாருங்க.

ஸ்டெப் 7: புது ட்யூன் எப்படி வரவழைக்கறது

நான் பண்றதை சொல்றேன். ட்யூனிங் மாத்தின முதல் இருபது நிமிஷம் தான் பொன்னான நேரம், கைக்கு இன்னும் எதுவும் தெரியாது, அதனால அந்த நேரத்துல கார்ட் சார்ட் எதையும் திறக்க மாட்டேன். ஃபோன்ல ரெக்கார்டரை ஆன் பண்ணி, முதல்ல ஆறு ஸ்ட்ரிங்கையும் ஒவ்வொண்ணா ஓப்பனா மீட்டிட்டு, வாயால ட்யூனிங் பேரும் கேப்போ இடமும் சொல்லிடுவேன். இதை பண்ணாம விட்டு நான் அழுதது கொஞ்ச நஞ்சம் இல்ல, ரெண்டு வருஷம் முன்னாடி நானே வாசிச்ச ஒரு ஃபைல் இருக்கு, நல்ல ட்யூன், இன்னிக்கு வரைக்கும் எந்த ட்யூனிங்னு கண்டுபிடிக்க முடியல.

அப்புறம் பழகின ஷேப்பை தெரிஞ்சே தப்பான இடத்துல வைங்க. ஸ்டாண்டர்ட்ல புடிக்கற சி கார்ட் ஷேப்பை அப்படியே டாட்காட்ல புடிச்சு ரெண்டு ரெண்டு ஃப்ரெட்டா மேல தள்ளுங்க, அஞ்சு இடத்துல மூணு அசிங்கமா இருக்கும், ஒண்ணு சுமாரா இருக்கும், ஒண்ணு "அட, இது என்ன"ன்னு நிறுத்தும். அந்த ஒண்ணு தான் வேணும். அது என்ன கார்ட்னு பேர் தேடாதீங்க, அதைச் சுத்தி ரெண்டு விரலை நகர்த்தி பாருங்க. அடுத்து, கிட்டாரை வெச்சிட்டு அந்த ஆதாரத்துக்கு மேல வாயால முனகுங்க, முனகினதை ஸ்ட்ரிங்ல தேடுங்க. விரல்லேருந்து வர்ற ட்யூன் விரல் போற தூரம் தான் போகும், தொண்டையிலேருந்து வர்றது வேற எங்கயோ தாவும்.

ஒரு ட்யூனிங்ல ஒரு வாரமாவது இருங்க. தினம் ஒண்ணா மாத்தினா எதுலயும் வேர் புடிக்காது, ஸ்ட்ரிங்கும் சீக்கிரம் களைச்சு போகும்.

திரும்ப ஸ்டாண்டர்டுக்கு வர்றப்ப

இப்ப இறக்கினதை ஏத்தணும். ஆறாவதுலேருந்து ஆரம்பிங்க, மெல்லிசான முதல் ஸ்ட்ரிங்கை கடைசியா வெச்சிக்கோங்க, ஒரே மூச்சுல ஏத்தாம பாதி ஏத்தி பத்து செகண்ட் விட்டு மீதி ஏத்துங்க. நட் கிட்டயும் பிரிட்ஜ் கிட்டயும் ஸ்ட்ரிங்ல துருவோ பள்ளமோ தெரிஞ்சா, ஏத்தாதீங்க, புது செட் மாத்திடுங்க, நம்ம கடலோர ஊர் காத்துக்கு மூணு மாசத்துல ஸ்டீல் ஸ்ட்ரிங் கறுத்துடும். ரெண்டாவது கிட்டார் வாங்க வசதி இருந்தா பழசை நிரந்தரமா டாட்காட்லயே விட்டுடலாம், விலை கம்மியான பெட்டியே போதும். என்னுது இப்ப அப்படித் தான் ஹால் மூலையில சாஞ்சு நிக்குது, போற வர்றப்ப அத்தை ஒரு விரலால ஆறு ஸ்ட்ரிங்கையும் வருடிட்டு, "ரெண்டாவது தந்தி இறங்கியிருக்கு பாரு"ன்னு சொல்லிட்டு போவாங்க. ட்யூனர் வெச்சு பார்த்தா இறங்கித் தான் இருக்கும்.